மஞ்சளுக்கு ஒரு காலம்

காசிமேட்டு ஐஸ் கம்பெனி மாடியில்
சுவர் முழுக்க உப்பு பூத்திருக்கிறது.
கீபோர்டில் ஏழை
இரண்டு முறை குத்தினால்தான் ஒரு ஏழு விழும்.
கீழே கிரஷர் பனிப்பாளத்தைக் கடிக்கத் தொடங்கினால்
மானிட்டரில் கட்டங்கள் நடுங்கும்.

ஏழு வருஷத்துக் கடன் கணக்கு
ஒரே எக்செல் கோப்பில்.
கோப்பின் பெயர்: புதுசு_கடைசி_நிஜம்_3.
அதை என் மென்பொருளுக்குள் இறக்க வேண்டும்.
இறக்குமதி என்று ஒரு பொத்தான் வைத்தேன்
பக்கத்திலேயே ஏற்றுமதி.
எண்ணூர் சாலையில் நேற்றிரவிலிருந்து
கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன
அதே இரண்டு சொற்களுக்காக.

முதல் இறக்கத்தில்
0047ஆம் டோக்கன் தலை போய் வெறும் 47 ஆனது.
போன் நம்பர்கள் 9.84E+09 என்று
யாருமே எடுக்காத நம்பராகிவிட்டன.
ஜனவரி ஐந்து மே ஒன்றாகப் புரண்டு
மீன்பிடித் தடைக்காலத்தில்
ஒரு விசைப்படகு ஜாலியாகக் கடலுக்குப் போய்வந்தது.
'டென்சில், த/பெ லூர்துராயன்' என்ற வரியில்
நடுவிலிருந்த காற்புள்ளி
அப்பனையும் பிள்ளையையும் தனித்தனிக் கட்டத்தில் குடிவைத்தது.
சகாய மாதா என்ற படகு
வெறும் கேள்விக்குறிகளாக வந்து நின்றது.
யாரைக் கேட்பது?

குறியாக்கத்தை மாற்றினேன்.
மேற்கோள் குறிக்குள் பெயர்களைப் பத்திரப்படுத்தினேன்.
எண்ணைப் பார்த்து 'நீ எழுத்துதான், எழுத்தாகவே இரு' என்றேன்.
ஒன்பது நாள். முப்பத்திரண்டு டீ.
போனது ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரிசை
வந்ததும் அதேதான்.
கூட்டுத்தொகை காசு பிசகவில்லை.
மனசுக்குள் ஒரு விசில்.

கேஷியர் ஹெப்சிபா சுடிதார் துப்பட்டாவில் கை துடைத்துவிட்டு
மவுஸை வாங்கி மெல்ல உருட்டினாள்.
பாதி வழியில் நிறுத்தினாள்.

"மஞ்சள் எங்க சார்?"
எந்த மஞ்சள்?
"இருபத்தாறு வரிக்கு மஞ்சள் அடிச்சி வச்சிருந்தேனே."

நிறம் வராது, என்றேன்.
காற்புள்ளிக் கோப்பில் எழுத்து வரும், எண் வரும்
நிறத்துக்கு அங்கே இடமில்லை.

"அது போவட்டும். பாக்கி காலத்துல
நான் ஒண்ணியும் போடாம உட்ருந்தேன்.
நீ இன்னாத்துக்கு சார் சைபர் போட்ட?"

காலியாக இருந்தால் சைபர் என்று
நான்தான் ஒரு வரி எழுதியிருந்தேன்.
ஒரே ஒரு வரி.

"சைபர்னா கட்டி முட்ச்சிட்டான்னு அர்த்தம்."
காலின்னா?
"இன்னும் கேக்கலன்னு அர்த்தம்."

அப்புறம் அவளே சொன்னாள், திரையைப் பார்த்தபடி:
ஒருத்தர் ஸ்டான்லியில் மூணு மாசமாகப் படுத்திருக்கிறார்.
ஒரு வீட்டில் இன்ஜினே அடகில்.
ஒரு படகு வந்தது, ஆள் வரவில்லை.
"எல்லா மஞ்சளும் ஒண்ணில்ல சார்."

முதலாளிக்குத் தெரியுமா?
"அவரு கறுப்பு வெள்ளைலதான் பிரின்ட் எடுப்பாரு."

கீழே கிரஷர் நின்றது.
அந்த அமைதியில் அவள் நகத்தைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

சம்பளம் தருகிறவர் முதலாளி.
அவருடைய ஐஸ், அவருடைய பாக்கி.
இதெல்லாம் எனக்கும் தெரியும்.
தெரிந்துகொண்டேதான்
சைபர் போடும் வரியை அழித்தேன்.
மஞ்சள் என்று ஒரு காலம் சேர்த்தேன்.
திரையில் தெரியும், தேடினால் கிடைக்கும்
பிரின்ட்டுக்குப் போகாது.
"காலம்னா இப்டிதான் இருக்கணும்," என்றாள்.
நெடுவரிசையைச் சொன்னாளா வேறெதையுமா என்று
நான் கேட்கவில்லை.

சூரியநாராயணன் சாலைக் கடையில் உட்கார்ந்து
பில் எழுதினேன்.
இறக்குமதி: எட்டாயிரம்.
ஏற்றுமதி: ஆறாயிரம்.
மூன்றாவதாக மஞ்சள் என்று எழுதி
தொகைக் கட்டத்துக்கு வந்ததும்
பேனா சைபர் போடப் போனது.
தடுத்தேன்.
காலியாகவே விட்டு
மடித்துப் பையில் வைத்தேன்.